இரண்டாம் தட்டில் ஆறாவது பாட்டு

ரென்ஸோ வில்தோஸோ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தான். மிரா ஸெகர்ரா உடனே அதைத் தொடவில்லை. பாத்திரம் கழுவிய கையைத் துண்டில் துடைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். எழுபத்து மூன்று வயதில், தான் பாடியதெல்லாம் ஒரு கையகலப் பெட்டிக்குள் அடங்கி வந்திருப்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

பெட்டியின் மேல் அவளுடைய பழைய முகம். தூக்கிக் கட்டிய கொண்டை, கண்ணோரம் இழுத்த மை. கீழே எழுதியிருந்தது: 'மிரா ஸெகர்ரா: தனித்தட்டுகள் எல்லாம், 1964–1971'. இருபத்திரண்டு இசைத்தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், ஆக நாற்பத்து நான்கு பாட்டுகள். பழைய கம்பெனியின் ஒலிநாடாக்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரென்ஸோ ஆறு வருஷமாக லிமாவின் பழைய சாமான் சந்தைகளிலும், மூடிப்போன மதுக்கடைகளின் பரண்களிலும் தேடித்தேடி அந்தத் தட்டுகளைச் சேர்த்திருந்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சம்பளத்தைவிட இதில்தான் அவனுக்கு உயிர்.

"கேக்கலாமா சென்யோரா?" என்றான்.

"கேக்கத்தானே வந்திருக்க? போடு."

மகள் கிரிஸெல்டா தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு பாட்டையும் பெட்டியில் இரண்டு குறுந்தட்டுகளாக ஆக்கியிருந்தான்; முதல் தட்டு முழுக்க மிராவுக்குச் சிரிப்புத்தான். "அய்யய்யோ, எவ்வளவு கீச்சுக்குரல்," என்பாள். "இந்தப் பாட்டுல வயலின்காரன் குடிச்சிட்டு வந்திருந்தான், நல்லாக் கேளு, ஒரு இடத்துல தூங்கிடுவான்," என்பாள். ரென்ஸோ எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டான்.

இரண்டாம் தட்டில் ஆறாவது பாட்டு வந்தது. 'மழை பெய்யாத ஊர்'. அதைத் தெரியாதவர்கள் பெரு நாட்டில் கிடையாது. கல்யாண வீட்டில் பாடுவார்கள், கால்பந்தில் தோற்றுப்போன அன்று மைதானத்தில் பாடுவார்கள். காதலன் விட்டுப்போன பெண் ஒருத்தி, லிமாவில் நின்றுகொண்டு கேட்கிறாள்: இந்த ஊரில்தான் மழையே பெய்வதில்லையே, என் கன்னம் நனைந்ததற்கு நான் யாரிடம் என்ன காரணம் சொல்ல? இரண்டாம் சரணத்தில், 'கன்னம்' என்ற சொல்லுக்கு முன்னால், அந்தக் குரல் ஒரு கணம் நின்று சட்டென்று மூச்சை இழுக்கும். அந்த இடத்தில்தான் மக்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

ரென்ஸோ பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்து, தான் எழுதிய பத்தியை மெல்லப் படித்துக் காட்டினான். டைபாய்டு காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்த மிரா ஸெகர்ரா, படுக்கையிலிருந்து எழுந்துவந்து பாடிய பாட்டு இது. அந்த ஒரு மூச்சில் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவளின் களைப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தான். அதன் கீழே, ஒவ்வொரு பாட்டுக்கும் யார் வாசித்தார்கள், யார் கோரஸ் பாடினார்கள் என்று பட்டியல். ஃபிடென்சியா கார்த்தஹேனா என்ற பெயர் பன்னிரண்டு பாட்டுகளில் கோரஸாக வந்திருந்தது. ஆறாவது பாட்டுக்கு நேராக 'கோரஸ் இல்லை' என்று இருந்தது.

மிரா அந்த வரியில் விரலை வைத்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"இது நான் இல்ல," என்றாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சென்யோரா. பழைய குரலக் கேட்டா யாரோ மாதிரி இருக்கும்."

"நீ நான் சொல்றத வேற மாதிரி புரிஞ்சுக்கற. இந்தப் பாட்ட நான் பாடல. இவ பாடினா." விரலை நகர்த்தி, ஐந்தாவது பாட்டில் இருந்த பெயரைக் காட்டினாள்.

கிரிஸெல்டா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, என்ன உளர்ற?"

மிரா சொன்னாள். 1967இல் அவள் காய்ச்சலில் கிடந்தது உண்மை. முடி கொட்டிப்போய், குரல் தவளை மாதிரி ஆகியிருந்தது. பன்னிரண்டு வயலின்காரர்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் தேதி குறித்தாகிவிட்டது. கம்பெனியின் இயக்குநர் தோன் எவாரிஸ்தோ, கோரஸ் பாட வந்த ஃபிடென்சியாவைப் பிடித்து ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார். மிரா மாதிரியே பாடிக் கூடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள். மூன்று வாரம் கழித்து அந்தத் தட்டைக் கொண்டுவந்து மிராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட விட்டார்.

"யார் பாடினதுன்னு கேட்டேன். நீதான் பாடியிருக்கன்னு சொன்னார். அவ பேரையும் போடலாமேன்னேன். அந்தக் கறுத்த மூஞ்சிய உறையில போட்டா லிமாவுல எவன் வாங்குவான்னு கேட்டார். நான் வாய மூடிக்கிட்டேன்." மிரா நிறுத்தினாள். "நல்லா ஓடிடுச்சு. அப்புறம் திறக்கவே முடியல."

ரென்ஸோ கையேட்டை மூடினான். ஆறு வருஷம் தேடியவன் அவன். அவன் முகத்தைப் பார்க்க மிராவுக்குப் பாவமாக இருந்தது. கடைசியில், "நான் ஒரு தடவ நல்லாக் கேட்டுப் பாக்கறேன் சென்யோரா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நான்கு நாள் கழித்து வந்தான். அவனும் ஒலிப்பதிவில் கெட்டிக்காரனான ஒரு நண்பனும், மூன்று இரவு உட்கார்ந்து ஒப்பிட்டிருந்தார்கள். 1980இல் மிரா தொலைக்காட்சியில் பாடியதையும், 1995இல் அரேக்கிப்பா நகரில் மேடையில் பாடியதையும் அந்தத் தட்டோடு வைத்து இழைஇழையாகப் பார்த்தார்களாம்.

"ஒரே குரல், சென்யோரா. அந்த மூச்சு வர்ற இடம், அது எவ்வளவு நேரம் நிக்குது, எல்லாமே ஒண்ணு. ரெண்டு பேர் பாடியிருக்க முடியாதுன்னு அவன் அடிச்சுச் சொல்றான்."

"நான் அந்தத் தட்டக் கேட்டுக் கேட்டுத்தாண்டா கத்துக்கிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு மாசம். அதுக்கப்புறம் என் பழைய குரல் எனக்கே வரல. எல்லாப் பாட்டையும் அவ மாதிரிதான் பாடினேன். நீ முதல் தட்டையும் ரெண்டாம் தட்டையும் வச்சுப் பாத்தா உனக்கே தெரியும்."

"பாத்தேன். காய்ச்சலுக்கப்புறம் உங்க குரல் முதிர்ந்துடுச்சுன்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. நானும் அப்படித்தான் எழுதினேன்."

அவள் எந்தக் கதவைத் தட்டினாலும் அது அவள் கையாலேயே உள்ளே தாழிடப்பட்டிருந்தது. நாற்பது வருஷமாக அவ்வளவு நன்றாகத் திருடியிருந்தாள். இப்போது திருட்டை ஒப்புக்கொள்ளப் போனால், பொருள் உன்னுடையதுதான் என்கிறார்கள்.

ரென்ஸோ நல்லவன். பழைய கம்பெனியை விலைக்கு வாங்கியிருந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். பதில் இரண்டு வரியில் வந்தது. மிஞ்சியிருக்கும் ஒரே ஒலிப்பதிவுத் தாளில் 'குரல்: மி. ஸெகர்ரா' என்றுதான் இருக்கிறது. வேறு பெயர் போட்டால் அனுமதி ரத்து. ஒரு சின்னச் சீட்டாவது அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று மறுபடி கேட்டான். அதுவும் கூடாது என்றார்கள்.

கிரிஸெல்டா வேறு மாதிரி கவலைப்பட்டாள். அம்மாவை ரத்தம் பரிசோதிக்க என்று சொல்லி ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். மிரா ஒன்றிலும் தப்பு செய்யவில்லை. வரைந்த கடிகாரத்தில் நொடிமுள்ளைக்கூட விடவில்லை. டாக்டர் கிரிஸெல்டாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சில பேருக்கு இந்த வயசுல செய்யாத தப்பெல்லாம் செஞ்ச மாதிரி தோணும். ராத்திரிக்கு ஒரு மாத்திர எழுதறேன்."

"எனக்குக் காது நல்லாக் கேக்குது டாக்டர்," என்றாள் மிரா.

 வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது கிரிஸெல்டா சொன்னாள்: "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல என்னை எல்லாரும் அந்தப் பாட்டோட பொண்ணுன்னுதாம்மா கூப்பிடுவாங்க. அதையும் புடுங்கணுமா உனக்கு?" 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக டாக்சி வைத்துக்கொண்டு கடலோரம் இருக்கும் சோர்ரியோஸுக்குப் போனாள். ஃபிடென்சியா அங்கே மேட்டுத் தெருவில் மகன் வீட்டில் இருப்பதாக, பழைய தாளக்காரர் ஒருவர் விசாரித்துச் சொல்லியிருந்தார். கடைசியாகப் பார்த்தது 1971இல். கம்பெனி மூடிய அன்று இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்று, பார்த்துக்கொள்ளாமல், அவரவர் வண்டியில் ஏறிப் போனார்கள்.

கதவைத் திறந்தது ஃபிடென்சியாதான். குட்டையாகி, பருத்து, தலை முழுக்கப் பஞ்சாக வெளுத்திருந்தாள். கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு. மிராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ ஒல்லி," என்றாள். குரல் மணலில் தகரத்தை இழுப்பதுபோல் வந்தது. "இன்னும் ஒல்லியாவே இருக்கியே. சாப்பாடே போடறதில்லையா உனக்கு?"

"உன் குரலுக்கு என்னடி ஆச்சு?"

"கழலை. தொண்ணூத்து நாலுல அறுத்தாங்க. கழலை போச்சு, கூடவே இதுவும் போச்சு. உள்ள வா, தெருவே பாக்குது."

தெரு பார்த்தது மட்டுமல்ல, வந்தும் விட்டது. மிரா ஸெகர்ரா வந்திருக்கிறாள் என்ற செய்தி நாலு வீடு தாண்டிவிட்டது. ஃபிடென்சியாவின் மகன் அபெலார்தோ, கார் பட்டறை வைத்திருப்பவன், நகத்துக்கடியில் கிரீஸோடு ஓடிவந்து கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினான். அவன் மனைவி மேஜையில் இன்னொரு தட்டு வைத்தாள். காய்ந்த உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சியும் வேர்க்கடலையும் போட்டுச் செய்த காராபுல்க்ரா, ஆவி பறந்துகொண்டிருந்தது. ஃபிடென்சியாவின் ஊர்ச் சமையல்.

சாப்பிடும்போது அபெலார்தோவே பேச்சை எடுத்துவிட்டான்.

"சென்யோரா, எங்க வீட்ல உங்க பாட்டு ஒரு பழமொழி. எங்கப்பா வச்சது. யாராவது பெருசா அளந்துவிட்டா, 'ஆமா, மழை பெய்யாத ஊரும் நீதான் பாடின'ன்னு சொல்லுவோம். சோறு குழைஞ்சு போச்சேன்னு கேட்டு, இல்லைன்னு அம்மா சாதிச்சாக்கூட அதான்." அவன் சிரித்தான். "ஏன்னா அம்மா சின்ன வயசுல எங்ககிட்ட அப்படித்தான் சொல்லும். அத நான்தான் பாடினேன்னு."

ஃபிடென்சியா தட்டைப் பார்த்துக்கொண்டே கிழங்கை நசுக்கினாள்.

மிரா கரண்டியை வைத்தாள். "உங்கம்மா சொன்னது நிஜம், அபெலார்தோ. அந்தப் பாட்டு அவ பாடினது. நான் வாயசைச்சேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

 அபெலார்தோவின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து சுற்றி வந்து, குனிந்து, மிராவின் நெற்றியில் முத்தமிட்டான்.

"நீங்க பெரிய மனசுக்காரங்க சென்யோரா. ஒரு வயசான மனுஷியோட மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்து..."

"மனசுக்காகச் சொல்லல. நடந்ததச் சொல்றேன்."

"புரியுது, புரியுது," என்றான் அவன். அவன் மனைவி மேஜைக்கடியில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். "கேட்டீங்களா அத்தை, சென்யோராவே சொல்லிட்டாங்க. இனிமே இந்த வீட்ல உங்கள ஒருத்தரும் கேலி பண்ண மாட்டோம்," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

சாப்பாடு முடிந்ததும் ஃபிடென்சியா மிராவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே இரண்டு கள்ளிப்பெட்டிகள். அந்த மேட்டிலிருந்து கடல் தெரியும். அன்று மூடுபனியில் சத்தம் மட்டும் வந்தது.

"பாத்தியா?" என்றாள் ஃபிடென்சியா.

"நான் திரும்பச் சொல்றேன். எல்லாரையும் உக்கார வச்சு..."

"எத்தன தடவ சொன்னாலும் அவன் உனக்கு முத்தம்தாண்டி கொடுப்பான்." கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "ஏன் முன்னாடியே வரல? தொண்ணூத்து நாலுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ. நீ ஒண்ணும் சொல்லக்கூட வேண்டாம். பக்கத்துல நின்னு, பாடுடின்னு சொல்லியிருந்தாப் போதும். நான் பாடியிருப்பேன். கேட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப எங்கிட்ட சாட்சிக்கு என்ன இருக்கு? இந்தக் கரகரப்பா?"

"பயமா இருந்துச்சு ஃபிடே."

"எனக்கும்தான் பயம். வேற வேலைக்குப் போகணுமேன்னு. ஆனா நான் என் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். புருஷன்கிட்ட சொன்னேன். சிரிச்சாங்க, சரி. சொன்னேனா இல்லையா?"

மிரா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மனசில் வெகுநாளாகக் கிடந்ததைக் கேட்டாள். "அந்த மூச்சு. கன்னத்துக்கு முன்னாடி. எப்படிடி அப்படி எடுத்த? ஒரு மாசம் படாத பாடு பட்டேன் அதுக்கு."

ஃபிடென்சியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"எடுக்கறதாவது. எனக்கு அப்ப ஆறு மாசம். உள்ள இருந்தவன் விலாவுல விட்டான் பாரு ஒரு உதை, உயிரே போயிடுச்சு. மறுபடி பாடறேன்னு சொன்னேன். நாடா தீந்துபோச்சு, இதுவே போதும்னு தோன் எவாரிஸ்தோ சொல்லிட்டார்." சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே அபெலார்தோ தட்டுகளை அடுக்கியபடி சீட்டியடித்துக்கொண்டிருந்தான். "அவன்தான்."

மிரா திரும்பி வந்து சொன்ன அந்த உதைக் கதையைக் கேட்டபிறகு ரென்ஸோவுக்கு நம்பாமல் இருக்க முடியவில்லை. இப்படி ஒன்றை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள் என்று அவனுக்குப் பட்டது. "நான் நம்பறேன் சென்யோரா," என்றான். "ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? ஆயிரம் பெட்டி அச்சாகி வந்துடுச்சு. வெளியீட்டு விழாவுல நீங்க பேசுங்க. மேடையில உங்க வாயக் கட்ட எந்தக் கம்பெனியாலயும் முடியாது. அது ஒண்ணுதான் என்னால தர முடிஞ்சது."

ஆகஸ்ட் மாதம், லின்ஸே பேட்டையின் நகராட்சி அரங்கத்தில் மாலை ஆறு மணிக்கு விழா. முந்நூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ஃபிடென்சியா, ஊதா நிறச் சால்வையில், மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில். அவளுக்கு வர விருப்பமில்லை. அபெலார்தோதான் பட்டறையை மூடிவிட்டு, சட்டை மாட்டி, அம்மாவைக் கிளப்பிக் கொண்டுவந்திருந்தான்.

மிரா என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மேடையில் ஏறியதும் தாளைப் பார்க்கவில்லை. காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிய தட்டைப் பற்றிச் சொன்னாள். தோன் எவாரிஸ்தோ சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். "உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச அந்தப் பாட்டு நான் பாடினது இல்ல. பாடினவ பேரு ஃபிடென்சியா கார்த்தஹேனா. அதோ, ஊதாச் சால்வை. அவ பேரப் போடாம அவளை மறைச்சதுல எனக்கும் பங்கு உண்டு. நாற்பத்து நாலு வருஷம் மறைச்சேன். இன்னைக்குச் சொல்றேன், நீங்க எல்லாரும் சாட்சி."

 மிரா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாராவது எழுந்து, ஏமாற்றிவிட்டாயே என்று கத்துவார்கள் என்று நினைத்தாள். கத்தட்டும் என்று இருந்தது. அதற்குத்தான் வந்தாள்.

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், தட்டிக்கொண்டே இருந்தார்கள். முன்வரிசையில் நின்ற நரைத்த மனிதர் ஒருவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது மேடைவரை கேட்டது: "பாத்தியா? இவ்வளவு பெரிய பாடகி, கோரஸ் பாடினவளுக்குக்கூடப் பங்கு கொடுக்கறா. இந்தக் காலத்துல எவளுக்கு வரும் இந்த மனசு?"

"இல்ல," என்றாள் மிரா ஒலிவாங்கியில். "நான் சொன்னத நீங்க..." கைதட்டல் அதை விழுங்கிவிட்டது. ஜனங்கள் திரும்பி ஃபிடென்சியாவைப் பார்த்தும் தட்டினார்கள், சிரித்த முகத்தோடு, யாரோ ஒரு பழைய ரசிகைக்குத் தட்டுவதுபோல. அபெலார்தோ அம்மாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினான்.

யார் தொடங்கியது என்று தெரியவில்லை. ஒரு மூலையிலிருந்து முதல் வரி எழுந்தது. இந்த ஊரில் மழையே பெய்வதில்லை. அடுத்த வரிக்குள் அரங்கமே பாடிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்றவர்கள், கதவுக்காரன், கிரிஸெல்டா, எல்லோரும். மிராவுக்குப் பரிசாக, அவளைப் பார்த்துப் பாடினார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறாள் என்று சில பெண்கள் அழுதார்கள். ரென்ஸோ மேடையோரம் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் சரணம் வந்தது. 'கன்னம்' என்ற சொல்லுக்கு முன்னால் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் சட்டென்று மூச்சை இழுத்தார்கள். அபெலார்தோவும் இழுத்தான், கண்ணை மூடிக்கொண்டு, அழகாக, இடம் தவறாமல். அவன் பக்கத்தில் ஃபிடென்சியாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. மிராவை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். முதல் பெட்டி வந்தது. அவள் அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. கையேட்டை எடுத்து, ஆறாவது பாட்டு இருக்கும் பக்கத்தைப் பிரித்து, தன் பெயரைக் கோடிட்டு அடித்து, மேலே எழுதினாள்: 'பாடியவர் ஃபிடென்சியா கார்த்தஹேனா.' அதன் கீழே தன் கையெழுத்து. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஏழாவதாக வந்த அம்மாள் அதைப் படித்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னாள்: "என் பேரு ஃபிடென்சியா இல்ல சென்யோரா. ஹசிந்தா."

"தெரியும்மா. இது பாட்டுப் பாடினவ பேரு."

"அப்ப... என் பேரு எழுத மாட்டீங்களா?"

மிரா அந்த அம்மாளின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். கிரிஸெல்டா குனிந்து அவள் காதில் சொன்னாள்: "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. புத்தகத்த அடிச்சு அடிச்சு வைக்கற. மாத்திர போட்டியா நேத்து ராத்திரி?" நாலு பேர் தங்கள் பெட்டியை ரென்ஸோவிடம் கொண்டுபோய், அடிக்காத பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அவன் மாற்றிக் கொடுத்தான்.

அபெலார்தோவும் வரிசையில் நின்றுதான் வந்தான். மற்றவர்களைத் தாண்டி வர அவனுக்கு மனசில்லை. "அம்மாவுக்கு," என்று பெட்டியை நீட்டினான்.

மிரா கை வலியை உதறிவிட்டு, பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினாள். 'இந்தப் பாட்டு உன்னுடையது, ஃபிடே. நான் எடுத்துக்கொண்டேன். மிரா.'

அவன் அதை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். முகத்தில் என்ன ஓடியது என்று மிராவால் சொல்ல முடியவில்லை. கையேட்டை மூடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து, நன்றி சொல்லிவிட்டு, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனான்.

ஃபிடென்சியா பெட்டியைத் திறந்து கையேட்டைக் கண்ணருகில் கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"என்னடா எழுதியிருக்கா?" அந்தக் கரகரத்த குரல் இரைச்சலுக்கு நடுவிலும் மிராவுக்குக் கேட்டது.

 அபெலார்தோ சால்வையை இழுத்து அவள் தோளை மூடினான்.

"அன்புடன்னு எழுதியிருக்காங்கம்மா," என்றான்.

மிரா எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் அடுத்த ஆள் பெட்டியை அவள் முன்னால் வைத்து, தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.